கண்ணை மூடிக்கொண்டவர்

முன் இருக்கைக்கு அடியில் கிடந்த கைப்பையைக் கண்ணாடிக் கடைக்காரர் கால் விரலால் இன்னும் உள்ளே தள்ளினார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

விமானத்தின் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. "பின்பக்கம் ஒரு பெண்ணுக்குக் கடுமையான மூச்சுத்திணறல். எங்க முதலுதவிப் பெட்டியில இருந்த இன்ஹேலர் வேலை செய்யல. யார்கிட்டயாவது ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தா தயவுசெஞ்சு உடனே குடுங்க."

அவரிடம் இருந்தது. அவர் மனைவியுடையது. காலையில் வீட்டைப் பூட்டும் முன் அவர்தான் அதைக் கைப்பையின் பக்கத்து அறையில் வைத்து மூடினார். கூடுதலாக வாங்கிய இன்னொன்று பெரிய பெட்டியோடு சேர்ந்து சரக்கு அறைக்குப் போய்விட்டது.

மனைவி இருக்கையில் இல்லை. "ஏங்க, கால் மரத்துப் போச்சு. முகத்தைக் கழுவிட்டு, அப்படியே கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கைப்பையைத் துழாவி, சீப்பு வைக்கும் சின்னத் துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவள் இன்னும் திரும்பவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் உதடு நீலம் பாய்ந்து அவர் மடியில் சாய்ந்ததை அவர் மறக்கவில்லை. விமானம் இறங்க இன்னும் வெகுநேரம் இருந்தது. அதற்குள் அவளுக்கே இழுப்பு வந்துவிட்டால்?

பின்னாலிருந்து அந்தப் பெண் மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் விசில் மாதிரி கேட்டது. அவளைப் பெற்றவர்கள் எங்கேயோ விமான நிலையத்தில் காத்திருப்பார்கள் என்று நினைத்தார். ஆனாலும் கை நீளவில்லை.

ஜன்னலோரம் இருந்த கட்டட காண்ட்ராக்டர் பொருமினார். "இவ்வளவு பேர் உக்காந்திருக்கோம், ஒருத்தர்கிட்டகூடவா இல்ல? எவனோ வச்சுக்கிட்டே கமுக்கமா உக்காந்திருக்கான் பாருங்க சார். அவனெல்லாம் சோறுதான் திங்கிறானா?"

"இருக்காதுங்க... இருந்தா குடுத்திருப்பாங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

பணிப்பெண் ஒருத்தி வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. அவர் போர்வையை மார்புவரை இழுத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்கிட்ட இன்ஹேலர் இருக்குமா?"

"அட, இப்பத்தான் பேசிட்டிருந்தார். அதுக்குள்ள அசந்துட்டார் பாரும்மா. வயசாயிடுச்சு இல்ல" என்றார் காண்ட்ராக்டர். "என்கிட்ட தலைவலி மாத்திரைதான் இருக்கு."

காலடி ஓசை அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. 'கடவுளே, வேற யார்கிட்டயாவது இருக்கட்டும்' என்று அவர் மனதுக்குள் வேண்டினார். தினமும் கடை திறக்கும்போது கைகூப்புகிறவர்தான். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒளிந்தபடி வேண்டியது இதுவே முதல் தடவை.

திடீரென்று அந்த விசில் சத்தம் நின்றது.

போய்விட்டாளா?

கையில் மருந்தை வைத்துக்கொண்டு ஓர் உயிரைப் போகவிட்டுவிட்டோமா? இப்போதாவது எழுந்து ஓடலாமா என்று அவர் தவிக்கையில், ஒலிபெருக்கி மறுபடி பேசியது.

"ஒரு பயணி இன்ஹேலர் குடுத்து உதவினாங்க. அந்தப் பெண் இப்ப நல்லா மூச்சு விடறாங்க. ரொம்ப நன்றி."

விமானம் முழுக்கக் கைத்தட்டல். காண்ட்ராக்டர் விசிலே அடித்தார். தூங்குகிறவர் கை தட்ட முடியாது. அவர் அப்படியே கிடந்தார். கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் நன்றி சொல்ல மனம் கூசியது. அந்தப் புண்ணியவான் யாரென்று பார்க்கக்கூடத் தனக்கு முகமில்லை என்று நினைத்தார். மூடிய இமைக்குள் கண்ணீர் முட்டியது.

சற்று நேரத்தில் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நழுவியிருந்த போர்வையை அவர் கழுத்துவரை ஏற்றிவிட்டாள். அவள் கை ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. இப்போது விழித்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் விழிக்கவில்லை.

பணிப்பெண் மெல்லிய குரலில் பேசுவது கேட்டது. "அம்மா, இந்தாங்க உங்க இன்ஹேலர். சுத்தமா துடைச்சிருக்கேன். நல்லவேளை, பாத்ரூம் போகும்போதுகூட கையோட வச்சிருந்தீங்க. அந்தப் பொண்ணு உங்க கையை விடவே மாட்டேன்னுட்டா."

"அடேங்கப்பா, குடுத்தது நீங்கதானா!" காண்ட்ராக்டர் வியந்தார். "உங்களுக்கே இழுப்பு இருக்கு, வச்சிருந்த ஒண்ணையும் தூக்கிக் குடுத்துட்டீங்க. சார் முழிச்சா உங்களைத் திட்டப்போறார் பாருங்க."

மனைவி சிரித்தாள்.

"இவரா? முழிச்சிருந்தா எனக்கு முன்னாடி இவரே ஓடியிருப்பார்."