கோர்வை சேராத எலிகள்

கல்லூரி முதல்வர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் பேராசிரியர் பஞ்சாட்சரத்துக்குச் சோறு இறங்கவில்லை. காலியாகும் நாற்காலிக்குப் போட்டி அவரும் இளங்கோவனும்தான். யாருடைய ஆய்வுக் கட்டுரை முதலில் வெளிநாட்டு இதழில் வருகிறதோ, அவரே முதல்வர் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியின் மருந்தியல் துறையில் எல்லோருக்கும் ஒரே ஆராய்ச்சிதான். எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, ஏதாவதொரு மூலிகைச் சாற்றைப் புகட்டிக் குணப்படுத்துவது. எலிகளைத் தவிர வேறு யாரும் அதற்காக அலுத்துக்கொண்டதில்லை.

பஞ்சாட்சரத்தின் கட்டுரையை எழுதியது அவருடைய ஆராய்ச்சி மாணவி கீர்த்தி. பஞ்சாட்சரமோ பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக் குடும்பம். யார் நெய்த சேலையானாலும் கடை லேபிளை ஒட்டிப் பழகிய கை. கட்டுரையில் முதல் பெயராகத் தம் பெயரைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். ஓர் இதழ் அதைத் திருப்பி அனுப்பியபோதும் அசரவில்லை.

"தலைப்பை மாத்தி வேற எங்கியாச்சும் அனுப்பிடும்மா. இதுக்கெல்லாம் என்னைக் கேட்டுக்கினு இருக்காதே."

அவர் கவலையெல்லாம் இளங்கோவனைப் பற்றித்தான். லண்டன் இதழ் ஒன்றுக்கு அனுப்பப்போவதாக அந்த மனிதர் கேன்டீனில் உளறிவிட்டார். அன்றே பஞ்சாட்சரம் போலந்து நாட்டு நிபுணர் ஒருவரைப் பெற்றெடுத்தார். பெயர், பட்டம், மின்னஞ்சல் முகவரி எல்லாம் பொய். 'சர்க்கரை நோய் எலிகளைப் பற்றிய கட்டுரைகளை இலவசமாக மதிப்பிட்டுத் தருகிறேன்' என்று நிபுணர் லண்டனுக்கு எழுதினார். சும்மா உழைக்க ஆள் கிடைத்தால் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

சில வாரங்களில் ஒரு கட்டுரை வந்தது. நடுநிலைக்காக எழுதியவர் பெயரையும் கல்லூரி பெயரையும் மறைத்திருந்தார்கள். ஆவாரம்பூச் சாறு, தமிழ்நாட்டு வெயில், எலி. முதல் பத்தியிலேயே அசட்டுத்தனம்.

"இளங்கோவனேதான். மாட்டினியா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கடைசி வரை படித்தார். மருந்து கொடுக்காத எலிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. இந்த அளவு மருந்து ஏன் என்பதற்குக் காரணம் இல்லை. விலங்குகளைப் பயன்படுத்த அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. செத்துப்போன எலிகள் எங்கே போயின என்று எழுதியவருக்கே தெரியாது. ஒவ்வொன்றையும் குறிக்கக் குறிக்க அவருக்குக் குஷி தாங்கவில்லை. தாம் போலந்துக்காரர் என்பதே மறந்துபோனது.

'உடலும் பார்டரும் கோர்வை சேராத காஞ்சிப் பட்டு மாதிரி, ஆய்வு ஒரு பக்கமும் முடிவு ஒரு பக்கமுமாகத் தொங்குகின்றன. எழுதியவர் எலி வாலைக்கூடப் பார்த்ததில்லை. இவர் எந்தக் கல்லூரிக்கும் லாயக்கில்லை. இந்த அறிக்கையை அவருடைய நிர்வாகத்துக்கும் அனுப்பி வையுங்கள்.'

அனுப்பிவிட்டு, சர்க்கரை போட்ட காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுவாரம் கீர்த்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள்.

"சார், லண்டன்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எந்தக் காலேஜுக்கும் லாயக்கில்லாத ஆளுன்னு எழுதி இருக்குது."

பஞ்சாட்சரம் பொங்கி வந்த சிரிப்பை இருமலாக்கினார். "அடப்பாவமே! அப்புறம்?"

"பட்டுச் சேலை, கோர்வைன்னு வேற திட்டி இருக்குது. யாரோ நம்ம ஊர் ஆளுதான் சார் கவுத்துட்டான். மேனேஜ்மென்ட்டுக்கும் காப்பி வந்துட்டுது. செம கோவத்துல இருக்காங்க."

"விடும்மா, யாரு பண்ணாங்களோ! பாவம், இளங்கோவன் ஒடிஞ்சு போயிருப்பாரு. நானே போய் நாலு வார்த்தை ஆறுதலா சொல்லிட்டு வர்றேன்" என்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

கீர்த்தி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"அவரு இன்னும் எழுதியே முடிக்கல சார். ரிஜெக்ட் ஆனது நம்ம பேப்பர்."