நூற்றுக்கு நூறு

மூடியைத் தூக்கியதும் சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்.

அவள் நகரவில்லை. இறங்கப்போவது அவள் புருஷன்.

அடுக்குமாடியின் அத்தனை வீட்டுக் கழிவும் வந்து சேருகிற தொட்டி. அடியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து கீழ்த்தள வீடுகளின் குளியலறையில் அழுக்குத் தண்ணீர் திரும்பி ஏறுகிறது. குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூச்சல்.

முன்பெல்லாம் இதற்கு வெளியிலிருந்து லாரி வரும். குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போகும். ஆள் இறங்கியதே இல்லை.

இப்போது லாரி வேண்டாமாம். சங்கச் செயலாளர் போனிலேயே சொல்லிவிட்டார். நம் ஆட்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தாயிற்றே!

பயிற்சி. நல்ல பயிற்சி.

போன மாதம் வேலையாட்கள் எல்லார் போனிலும் ஒரு ஆப் ஏற்றினார்கள். வாட்ச்மேன், தோட்டக்காரர், பெருக்குகிறவர்கள், அவள் புருஷன் பிளம்பர் வேம்புலி, ஒருத்தர் பாக்கியில்லை. வகுப்பு கிடையாது. வாத்தியார் கிடையாது. வீடியோ பார்க்க வேண்டும், கேள்வி வந்தால் பதிலை அமுக்க வேண்டும். முடித்தால் பெயருக்கு நேரே பச்சை டிக் விழும். டிக் இல்லாதவர்களுக்கு கேட்டுக்குள் வேலை இல்லை.

"அக்கா, எனக்கும் போட்டுக் குடுக்கா."

வந்தவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வந்தார்கள். அங்கே பெருக்கித் துடைக்கிறவர்களில் பிளஸ் டூ வரை போனவள் அவள் ஒருத்திதான். சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் ரூம் திண்டின் மேல் போன்களை வரிசையாக வைத்தாள். வீடியோவை ஓடவிட்டுச் சோறு தின்றாள். கேள்வி வந்தால் எதையாவது அமுக்கினாள். தப்பென்றால் சிவப்பு. அதையே திரும்பக் கேட்கும். மாற்றி அமுக்கினால் பச்சை.

இதில் யார்தான் ஃபெயிலாக முடியும்?

வேம்புலி போனில் பாடம் அதிகம். பிளம்பர் என்பதால் தொட்டிப் பாடத்தையும் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். அவள் அமுக்க அமுக்க, அவன் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்தான்.

"இன்னாமே, நா பாஸா?"

பாஸ். நூற்றுக்கு நூறு.

அவன் போட்டோவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள். கீழே பெரிய எழுத்தில் பெயர். வீட்டுக்காரர்கள் நின்று கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வானேன்.

இன்றைக்குக் காதோடு கெஞ்சினாள்.

"யோவ், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுய்யா. நான்தான் அமுக்குனேன்னு நானே சொல்றேன்."

"சும்மா கெட. போட்டோ ஒட்டிக்கீது. மானம் பூடும்."

சூப்பர்வைசரிடமே போய்ச் சொன்னாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா. வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும் வேலை போயிடும். என்னுதையும் நீதானே போட்ட?"

வேம்புலி செருப்பைக் கழற்றித் தொட்டி வாயோரம் விட்டான். லுங்கியை மடித்துக் கட்டினான். இரும்பு ஏணியில் கால் வைத்ததும் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பாவி மனுஷன்.

வீடியோவில் இறங்கியவன் மஞ்சள் உடுப்பு போட்டிருந்தான். முகத்தில் மூடி. முதுகில் காற்று சிலிண்டர். இடுப்பில் கயிறு.

இங்கே கயிறுகூட இல்லை.

"அய்ய, இன்னா நாத்தம்மே!"

அவளுக்கு மூச்சு வந்தது. கத்துகிறவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

கீழே இரும்பு தட்டுகிற சத்தம். விட்டு விட்டுக் கேட்டது.

பிறகு அவன் குரல்.

"மே, இப்ப நாத்தமே தெரிலமே!"

சூப்பர்வைசர் சிரித்தார். "பழகிடுச்சு அவனுக்கு."

அவள் தொட்டி வாயில் குனிந்தாள்.

அன்றைக்குப் போனில் இந்தக் கேள்வி வந்தது. வாடை சட்டென்று தெரியாமல் போனால் என்ன பொருள்? நல்ல காற்று வந்துவிட்டது என்று அமுக்கினாள். சிவப்பு. மாற்றி அமுக்கினாள். விஷவாயு மூக்கை மரக்கச் செய்துவிட்டது, உடனே வெளியேற வேண்டும். பச்சை.

"யோவ், மேல ஏறு! ஏறுய்யா, உன் கால்ல விழறேன், ஏறு!"

தட்டுகிற சத்தம் நின்றது.

தண்ணீரில் கனமாக எதுவோ விழுந்தது.

கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயரை.

சூப்பர்வைசர் போனை எடுத்தார். எண்ணைத் தப்பாக அமுக்கினார், மறுபடி அமுக்கினார்.

தொட்டிப் பாடத்தில் அதற்கு மேலும் ஒரு கேள்வி இருந்தது. அதுதான் கடைசி. உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இறங்கித் தூக்குவேன் என்று அமுக்கினாள். சிவப்பு. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே அமுக்கினாள். சிவப்பு. எந்தக் கட்டையில போறவன் எழுதின கேள்வி என்று திட்டிக்கொண்டேதான் மற்றதை அமுக்கினாள். உள்ளே இறங்கவே கூடாது. வெளியே நின்று உதவி கேட்க வேண்டும்.

பச்சை. கூடவே கைதட்டுகிற சத்தம் வந்தது போனிலிருந்து.

"வேணாம்மா! ஃபயர் சர்வீஸுக்குத்தான் அடிக்கிறேன், வேணாம்!"

அவன் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி விட்டாள்.