எப்போ போட்ட ஊசி

"பொறந்த அன்னைக்கே ஊசி போட்டாச்சு டாக்டரம்மா" என்றாள் இசக்கியம்மா.

செல்வமணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று வீட்டில் இவள் கேட்ட இதே கேள்விக்கு, ஒண்ணாப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் போட்டதாகச் சொல்லியிருந்தாள்.

நர்சிங் முடித்த செல்வமணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன்னால் புதிதாக வருகிற எல்லோருக்கும் முன்னங்கையில் சின்னதாக ஒரு ஊசி குத்தி டி.பி. பரிசோதனை செய்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தபோது மற்றவர்கள் கையில் கொசுக்கடி அளவுதான். இவள் கையில் பதினெட்டு மில்லிமீட்டர் தடித்திருந்தது.

அன்றிலிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"சின்னதுல டி.பி. தடுப்பூசி போட்டவங்களுக்கு இப்படி வீங்கத்தான் செய்யும். விட்டுத் தள்ளு" என்றாள் கூடப் படித்த நித்யா.

"பாசிட்டிவ்னா நோய் இருக்குன்னுதான அர்த்தம்?" என்றார் தெருமுனை மருந்துக்கடைக்காரர்.

"நெஞ்சுநோய் டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் சேர வேண்டாம்" என்றார்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில்.

செல்வமணிக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. பிறகு ஏன் கை இப்படித் தடித்தது? படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கம் ஆமாம் என்றது. அடுத்த பக்கம் இல்லை என்றது.

நெஞ்சுநோய் டாக்டர் வித்யாலக்ஷ்மி அவளுடைய இடது புஜத்தில் இருந்த தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"உனக்கு நோய் இல்லம்மா. அதுல சந்தேகம் இல்ல. இந்தத் தடிப்பு எதனால வந்துதுங்கிறதுதான் கேள்வி. பிறந்ததும் போட்ட ஊசின்னா, இருபது வருஷம் கழிச்சு இவ்வளவு தடிக்கிறது அபூர்வம். எப்பவோ கிருமி உள்ள போய்த் தூங்கிட்டிருக்குன்னு நினைக்கணும். அதுக்கு மாத்திரை சாப்பிடணும். வளர்ந்த அப்புறம் போட்டதுன்னா, ஊசியே இப்படிக் காட்டலாம்."

இசக்கியம்மா பக்கம் திரும்பினார்.

"அதுக்குத்தாம்மா கேக்கறேன். எப்போ போட்டது?"

"அப்பம் பள்ளிக்கூடத்துலதான் போட்டாவ."

"இப்பதானே பிறந்த அன்னைக்குன்னு சொன்னீங்க?"

"அது... அன்னைக்கும் போட்டாவ."

"எந்த ஆஸ்பத்திரில பிறந்தா?"

"அம்பாசமுத்திரத்துல."

"எம்மா, தோட்டத்து லைன் வீட்டுலயே பொறந்தேன்னுல்லா சொல்லுவ?" என்றாள் செல்வமணி.

"ஆமா, அங்கனதான். பொறவு அம்பாசமுத்திரத்துக்குத் தூக்கிட்டுப் போனோம்."

செல்வமணிக்கு முகம் சுட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. எந்த மழைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறித்தோம் என்பதுவரை அம்மாவுக்கு மனப்பாடம். இது மட்டும் எப்படி மறக்கும்? மகள் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், டாக்டருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பதிலை மாற்றுகிறாள் என்று தோன்றியது. அடுத்து நின்ற நோயாளிகள் வேறு எட்டிப் பார்த்தார்கள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. பெத்த பிள்ளைக்கு ஊசி போட்டதுகூடவா ஞாபகம் இல்ல?"

இசக்கியம்மா தன் மடியில் இருந்த எக்ஸ்ரே உறையின் ஓரத்தை மடக்கினாள், நீவினாள், மறுபடி மடக்கினாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"சரிம்மா, ஊசிய விடுங்க. இத மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. இவ கைக்குழந்தையா இருக்கறப்போ வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துதா? இருந்துதுன்னா குழப்பமே இல்ல, மாத்திரைய ஆரம்பிச்சுடலாம். இல்லன்னா சும்மா கவனிச்சுக்கிட்டா போதும்."

அம்மா வாயைத் திறப்பதற்குள் செல்வமணியே முந்திக்கொண்டாள்.

"யாருக்கும் கிடையாது டாக்டர். அப்பா நெஞ்சுவலியில போனாவ. அம்மாவுக்கு ஒரு சளிகூடப் பிடிச்சதில்ல. வீட்டுல நாங்க மூணு பேருதான்."

"அப்போ மாத்திரை வேண்டாம். வேலைல சேரலாம்னு எழுதித் தர்றேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். செல்வமணிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. திங்கட்கிழமையே சேர்ந்துவிடலாம்.

"எழுதாதீங்க டாக்டரம்மா" என்றாள் இசக்கியம்மா.

"எம்மா, நீ சும்மா இரி."

"கொஞ்சம் பொறுட்டி."

மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் மேசையைப் பார்த்தே பைய பேசினாள்.

"இருந்துது டாக்டரம்மா. இவளப் பெத்தவளுக்கு இருந்துது. எங்க லைன்ல கடைசி வீடு. இருமி இருமியே போயிட்டா. ஒட்டிக்கிடும்னு பயந்து அந்த வாசலுக்கு ஒருத்தரும் போகல. பிள்ளை அழுத சத்தம் எங்க வீடுவரைக்கும் கேட்டுது. நாந்தான் போயித் தூக்கிட்டு வந்தேன். அப்பம் இவளுக்கு ஒம்பது மாசம்."

எக்ஸ்ரே உறையை மேசைமேல் வைத்தாள்.

"அதுக்கு முன்ன ஊசி போட்டாளா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"