குனியாமல் வந்தவன்

1948-இல் இஸ்ரேல் ராணுவம் இடித்துப்போட்ட பாலஸ்தீனக் கிராமத்தில் சப்பாத்திக்கள்ளியும் புல்லும்தான் மிச்சம். அந்த ஊர்க்காரர்கள் நாப்ளஸ் அகதி முகாமில் இருக்கிறார்கள். இஸ்ரேல் அவர்களை ஊர்ப்பக்கம் விடாது. அதனால் ஹைஃபாவிலிருந்து வந்த ருலா, அவர்களுக்காக ஊர் இருந்த மேட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கேமராக்காரன் நாயிஃப் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு புல்லில் நடந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படம் தாழ்ந்து எழுந்தது.

“அங்க வந்ததும் எதுக்குக் குனியிற?”

“நான் எங்க குனிஞ்சேன்?”

“முதுகு வலின்னா சொல்லு, கழுதை பிடிச்சுட்டு வர்றேன். இந்தத் தடவை நிமிந்து நட.”

நிமிர்ந்து நடந்தான். மடாரென்று ஒரு சத்தம். நெற்றியில் ரத்தம் வழிய உட்கார்ந்துவிட்டான். அவன் தலைக்கு மேல் வானம்தான் இருந்தது. ருலா தன் கைக்குட்டையால் காயத்தை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் முகாமில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். அந்தச் சத்தம் வந்ததும் அந்த ஊர்ப் பெரியவர் அபு ஸுஹைல் சிரித்துவிட்டார். ஊரைவிட்டு வரும்போது அவருக்கு ஏழு வயது.

“எங்க வீட்டு வாசல் தாழ்வு. குனியாம வர்றவன் மண்டைய உடைச்சுக்குவான். அம்மா திட்டிக்கிட்டே காயத்துல காப்பித்தூள வச்சு அழுத்துவா.”

நாயிஃப் நெற்றிக்கட்டை மெல்ல அவிழ்த்தான். ஏலக்காய் போட்டு இடித்த காப்பியின் மணம் அறையில் பரவியது. காயத்தை மூடியிருந்த தூளில் ஒரு பெருவிரலின் தடம் அழுந்தியிருந்தது.

அபு ஸுஹைல் எழுந்து அருகில் வந்து, வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“திட்டினாளா?” என்று கேட்டார்.