கைரேயின் கழுத்துத் துணி

"தொடாத!" என்று மகனின் கையைத் தட்டிவிட்டாள் யம்குமாரி.

அவன் பிடித்திருந்த தட்டு சாய்ந்து, சிவப்புத் திலகம் வாசல் மண்ணில் கொட்டியது.

தீபாவளிக்கு முந்தின நாள், நாய்ப் பூசை. ஊரில் உள்ள அத்தனை நாய்களும் நெற்றியில் சிவப்பும் கழுத்தில் செண்டுமல்லி மாலையுமாகத் திரிகிற நாள். அன்றைக்கு ஒரு நாயை அதட்டினாலே பாவம் என்போம். இவளோ நாய்க்குத் திலகம் வைக்க வந்தவனையே அதட்டுகிறாள்.

சத்தம் கேட்டு நாங்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டோம். அடுத்த வீட்டுச் சண்டை என்றால் எங்களுக்குக் காலை டீகூட வேண்டாம்.

மகன் சந்தேஷ் முந்தின நாள்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து காட்மாண்டு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலையேறி வந்திருந்தான். மாசியில் அப்பா தீர்த்தராஜ் இறந்தபோது அவனால் வர முடியவில்லை. அங்கேயே ஒரு புரோகிதரைப் பிடித்து, ஒரு வருஷத் துக்கத்தையும் சேர்த்துப் பதிமூன்றே நாளில் முடித்துவிட்டான். இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது.

கைரே, தீர்த்தராஜ் வளர்த்த நாய். அவரை எரித்த ஆற்றங்கரைக்கு எட்டு மாதமாகத் தினமும் காலையில் இறங்கிப் போய், பொழுது சாயத்தான் திரும்பும். அன்று சந்தேஷ் அதைத் தூணில் கட்டிப் போட்டிருந்தான். அது ஆற்றுப் பக்கமே பார்த்து முனகிக்கொண்டிருந்தது.

"அம்மா, இங்க பாரு. கைரேக்குன்னே வாங்கிட்டு வந்தேன்" என்று சிவப்புத் தோல் பட்டை ஒன்றைக் காட்டினான். "கழுத்துல இருக்கற அந்த அழுக்குத் துணியைக் கழட்டிட்டு இதைப் போட்டு, மாலை போட்டு, ஒரே ஒரு வீடியோ. இவன் கதையைச் சொன்னா அங்க என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அழுறாங்க."

"படம் எடுத்துக்கோ. துணியைக் கழட்டாத. பூவும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம்."

எதிர்வீட்டு சாவித்ரா, பண்டிகைக்கு அரிசி மாவில் வளையமாகச் சுட்ட செல் ரொட்டித் தட்டோடு முன்னால் வந்தாள். "அக்கா, உனக்குத்தான் இன்னும் வருஷம் முடியல. வெள்ளைப் புடவையோட நீ பூவையும் சிவப்பையும் தொடக்கூடாது, சரி. தள்ளி நில்லு. நாங்க வைக்கிறோம்."

"யாரும் வைக்க வேண்டாம்."

சாவித்ராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, நான் சொல்லக்கூடாது. உங்கப்பா போன அந்தப் பதிமூணு நாளும் இந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு வேளைச் சோறுதான். அதுவும் உப்பில்லாம. பாவமேன்னு நான் கறிச்சோறு கொண்டாந்து வச்சேன். மறுநாள் கிண்ணம் அப்படியே திரும்பி வருது."

சந்தேஷ் அம்மாவை முறைத்தான். "அப்பா உயிரா வளர்த்த நாய்ம்மா. உன்னால பார்த்துக்க முடியலன்னா சொல்லு. இன்னிக்கே சாவித்ரா அத்தை வீட்ல விட்டுடறேன்."

யம்குமாரி நாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "அவனும் போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாருடா இருக்கா?"

"அப்ப இன்னிக்கு ஒரு நாள் அதுக்குப் பொட்டு வச்சா உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

என் பங்குக்கு நானும் சொன்னேன். "ஊர் நாயெல்லாம் மாலையோட சுத்துது. இது மட்டும் மூளியா நிக்குது. நல்லாவா இருக்கு?"

சொல்லியிருக்க வேண்டாம்.

சந்தேஷ் குனிந்து நாயின் கழுத்து முடிச்சை அவிழ்க்கப் போனான். விரல் பட்ட இடத்தில் அழுக்கு உதிர்ந்தது. உள்ளே துணி வெள்ளையாக இருந்தது. அவன் துணியின் ஓரக் கரையை உற்றுப் பார்த்தான். பிறகு அம்மாவின் புடவையைப் பார்த்தான். அதே கரை. முந்தானையில் ஒரு முழம் கிழித்தெடுத்திருந்தது.

யம்குமாரி மெல்லப் பேசினாள்.

"கொள்ளி வச்சு, கூட இருந்து துக்கம் காக்க வேண்டிய பங்காளி மறுநாளே பொக்கரா பஸ் ஏறிட்டார். பதிமூணு நாளும் நான் வைக்கோல்ல படுத்தேன். பக்கத்துல இவன் படுத்தான். ஒரு வேளை நான் உப்பில்லாம பொங்கித் தின்னதைத்தான் இவனும் தின்னான். சாவித்ரா வச்ச கறியை மோந்துகூடப் பார்க்கல."

சாவித்ரா செல் ரொட்டித் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

யம்குமாரி தூணில் இருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கைரே எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமான ஒற்றையடிப் பாதையில் ஆற்றை நோக்கி இறங்கியது.

அது மறைகிறவரை பார்த்துவிட்டு, அவள் மகனிடம் திரும்பினாள். கோயிலில் வைத்த சிவப்பு அவன் நெற்றியில் பளிச்சென்று இருந்தது.

"உனக்குத் துக்கம் பதிமூணு நாள்ல முடிஞ்சிடுச்சுப்பா. அவனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."