திருப்பாத எழுத்து

"இந்தக் கடல்ல படகு எங்கிருந்து வந்துச்சு, மார்யுன்?" தபால்தலையின் முதல் அச்சில் உருப்பெருக்கியை வைத்தபடி கேட்டார் அஞ்சல் துறை அதிகாரி ஹாகுன்.

பரோயே தீவுகளின் பழைய வரைபடம், ஓரத்தில் செங்குத்துப் பாறைகள். எல்லாம் மார்யுன் எஃகுத் தகட்டில் செதுக்கியவை.

"நான் படகே செதுக்கலையே."

"ஆமா, தகடு செதுக்குற உங்க ஆளுங்க படத்துக்குள்ள எதையாவது ஒளிச்சு வைக்கிறது எனக்குத் தெரியாதாக்கும். ஆனா படகுக்குக் கீழ எழுத்து இடம் வலமா மாறி விழுந்திருக்கு. தகட்டுல திருப்பிச் செதுக்கணும்னு உங்களுக்கேவா மறந்துபோச்சு?"

மார்யுன் அச்சைக் கையில் வாங்கினாள். அப்படி மறக்கும் ஆள் அவள் வீட்டில் ஒருவன்தான். அவளுடைய உளியை எடுத்துத் துண்டுத் தகடுகளில் கிறுக்கும் கணவன் ரோயி. திருத்தினால், "நீதானே படிக்கப்போற, நேராவே இருக்கட்டும்" என்பான்.

அச்சைக் கண்ணாடி முன் பிடித்தாள். 'இங்கே' என்றிருந்தது.

"சுரண்டி எடுத்துடலாம், விடுங்க," என்றார் ஹாகுன்.

"தொடாதீங்க."

அவள் கடலோரக் காவல் படைக்குப் போன் செய்தாள்.

"போன குளிர்காலம் ரோயியோட சேர்ந்து காணாமப்போன படகைத் தேடிட்டு விட்டுட்டீங்களே, அது வேற பக்கம் கிடக்கு. இடம் சொல்றேன், எழுதிக்குங்க."