ஓடுபாதை மண்

"எதுக்காகப் போறீங்க?" என்று கேட்டார் தீவு நாட்டுத் தூதரகத்தின் விசா அதிகாரி.

"எம் மவனுக்கு மெழுகுதிரி ஏத்தணும் சார். கல்லறைத் திருநாள் வருதுல்லா," என்றாள் பிலோமினா.

மூழ்கிக்கொண்டிருந்த தீவை மேடாக்க, நட்பு ஒப்பந்தப்படி இந்தியா கப்பல் கப்பலாக மண் அனுப்பியது. அள்ளியவர்கள் அவளூர்க் கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. பதினொரு வயதில் இறந்த அவள் மகன் ஜெரால்டும் அந்த மண்ணோடு கப்பலேறிவிட்டான்.

அதிகாரி கணினியில் தேடினார். "உங்க ஊர் மண்ணு விமான ஓடுபாதைக்குப் போயிருக்கும்மா. அங்க யாரையும் நிக்க விடமாட்டாங்க."

"கால்ல விழுதேன் சார். ஒரே ஒரு திரி."

"நான் என்னம்மா பண்ண முடியும்? விமானம் இறங்கும்போது அது மேல ஓடும். அவ்வளவுதான்."

பிலோமினா கையிலிருந்த மெழுகுதிரியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எவ்வளவு நேரம் சார் ஓடும்?"